காலடியில் கிடக்கிறது கருவூலம்!

விடுமுறை வந்துவிட்டால் வெளிநாடு பறக்கிறார்கள் செல்வர்கள். எகிப்து சென்று பிரமிடைப் பார்க்கிறார்கள். ரோமாபுரி சென்று இடிந்த அரங்கின் முன் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். பார்க்கட்டும்! நமக்குப் பொறாமை இல்லை. ஆனால், ஓசூர் ஆலையிலே இரவு முறை முடித்து, ஒற்றை அறையில் நால்வரோடு ஐவராய்ப் படுத்துறங்கும் நம் தோழனுக்கு அந்தக் காட்சி கிட்டுமா? விமானச் சீட்டின் விலை அவனுடைய பல மாதக் கூலி!

விடுமுறைகூட உழைப்பாளிக்குத் தானாக வந்துவிடவில்லை, தோழர்களே! 1936-இல் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் இலட்சக்கணக்கில் வேலையை நிறுத்தி, ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து போராடினர். அதன் பிறகே, ஊதியத்தோடு இரண்டு வார விடுப்பு அங்கே சட்டமாயிற்று. அதுவரை கடலையே கண்டிராத பலர், அந்தக் கோடையில்தான் கடலைக் கண்டனர். நம் நாட்டிலே, ஆண்டில் 240 நாள் உழைத்தவனுக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பு என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அப்படிப் பெற்ற நாளையெல்லாம் உறங்கியே கழித்துவிடுவதா?

எங்கே போவது என்கிறீர்களா? ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையிலே இருக்கிறது மல்லசந்திரம். அங்கே, குன்றின் மேல், இறந்தோர் நினைவாகப் பழங்கால மக்கள் எழுப்பிய கற்திட்டைகள்! பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, பெரும்பாறையைக் கூரையாக ஏற்றி, முகப்பிலே வட்டத் துளையிட்டு, சுற்றிலும் கற்களை நட்டிருக்கிறார்கள். சிலவற்றின் உள்ளே வெண்ணிற ஓவியங்களும் உண்டு. பாரந்தூக்கி ஏது அன்று? தோள்தான் பாரந்தூக்கி!

இதே மாவட்டத்து மயிலாடும்பாறையிலே, மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தது. அங்கே இரும்பு வழங்கிய காலம் கி.மு. 2172 என்று ஆய்வில் தெரியவந்ததாக, 2022 மே மாதம் சட்டமன்றத்திலே முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஏறத்தாழ 4,200 ஆண்டுகள்! எண்ணிப் பாருங்கள்! இன்று ஓசூரிலே லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இரும்பைக் கடைகிறானே நம் தோழன், அவன் நிற்கும் மண்ணின் பக்கத்திலேயே, அத்தனை ஆண்டுகளுக்கு முன் ஒருவன் இரும்பைக் கையாண்டிருக்கிறான். படித்தவர் மட்டும் பேசிக்கொள்ளும் செய்தியா இது? பட்டறைக்காரனின் குடும்ப வரலாறு!

ராயக்கோட்டை மலைக்கும் ஏறுங்கள். 1791-இல் திப்புவின் வீரர்களிடமிருந்து கம்பெனிப் படை பறித்த கோட்டை அது. மறு ஆண்டே சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் சீமை கம்பெனியின் கைக்குப் போயிற்று.

மன்னர் பெயரைத்தான் வரலாறு எழுதும். கல் சுமந்தவன் பெயரை எழுதாது என்பார்கள். எகிப்திலேயே அது மாறிற்றே! 1990-இல் பிரமிடின் அருகே, அதைக் கட்டிய உழைப்பாளிகளின் கல்லறைகள் வெளிப்பட்டன. அவர்கள் வாழ்ந்த விதத்தையும் உலகம் ஆராய்ந்து அறிகிறது. தோண்டினார்கள், காத்தார்கள், அதனால் அறிந்தார்கள்.

இங்கே என்ன நடக்கிறது? புதையல் ஆசையால் கற்திட்டையைப் புரட்டிப்போடுகிறான் ஒருவன். கல் வணிகத்துக்காகக் குன்றுகளையே அறுத்தெடுக்கிறான் இன்னொருவன். கல்குவாரியும் தொழில்தான், அதிலும் நம் தோழர்கள் உழைக்கிறார்கள். ஆனால், எந்தக் குன்றை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று வரம்பு வேண்டாமா? உடைந்த கற்திட்டையை எந்த ஆலையிலே மறுபடி வார்ப்பது?

ஆட்கள் வந்து போகிற இடத்திலே கடப்பாரை தயங்கும். ஆகவே சங்கத் தோழர்களே, மன்றத்துத் தோழர்களே, அடுத்த விடுமுறைக்கு ஒரு வண்டி பேசுங்கள்! தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ, எந்த மொழி பேசும் தொழிலாளியானாலும் உடன் அழைத்துச் செல்லுங்கள். குழந்தைகளையும் கட்டுச்சோற்றையும் மறவாதீர்கள்! கல்லிலே பெயரைக் கிறுக்காமல் பார்த்து வாருங்கள். எங்கேனும் கற்திட்டை உடைபட்டிருந்தால், வட்டாட்சியருக்கு மனு எழுதுங்கள். சங்கத்தின் பெயரால் எழுதுங்கள்!