ஃபிக்மாவில வடிவா இருந்தது, அம்மாட போனில ஏன் வெட்டுப்பட்டது?

இந்தக் கிழமை எபிசோட்டில நேரம் காணாமல் விட்ட ஒரு விஷயம் இது.

லா கூர்னெவ்வில இருந்து லா ஷப்பலுக்குச் சாமான் வாங்கப் போகேக்க, ரெயினில அம்மா போனை நீட்டினா. "தம்பி, இதில எதை அமத்துறது?" காசு அனுப்புற ஆப். பட்டனில "உறுதிப்ப" வரைக்கும்தான் தெரியுது. காசு விஷயம் எண்டபடியால் அமத்தப் பயம்.

டிசைனர் ஃபிக்மாவில வரையேக்க அந்தப் பட்டனில "வலிடே" எண்டு போட்டிருப்பார். பிரெஞ்சில 7 எழுத்து, வடிவா அடங்கும். "உறுதிப்படுத்து" அதைவிட நீளம். அம்மா எழுத்தையும் பெரிசாக்கி வச்சிருக்கிறா. பட்டனின் அகலத்தைக் கோடில நிரந்தரமாக் குடுத்தால் மிச்சம் வெட்டுப்படும். உயரத்தைக் குடுத்தால் "தி"யின் மேல்வளைவும் "து"வின் கீழ்க்கோடும் போகும்.

இதைப் பிடிக்கிறதுக்கு ஒரு வழி ஸ்னாப்ஷாட் டெஸ்ட். சரியெண்டு ஒத்துக்கொண்ட திரையின் படத்தைச் சேமித்து வைக்கிறது. கோட் மாறுற ஒவ்வொரு முறையும் கணினி திரும்பத் திரையை வரைந்து, பிக்சல் பிக்சலாக ஒப்பிடும். ஃப்ளட்டரில இதுக்குப் பேர் "கோல்டன்" டெஸ்ட். ஆண்ட்ராய்டுக்கு கேஷ் ஆப் ஆக்கள் செய்த "பாப்பராட்ஸி" இருக்கு. அதுக்குப் போனோ எமுலேட்டரோ தேவையில்லை.

ஆனால் ஒண்டைக் கவனியுங்கோ. இந்த டெஸ்ட் சொல்லுறது "நேற்று மாதிரியே இருக்கு" எண்டு மட்டும்தான். "டிசைன் மாதிரி இருக்கு" எண்டு இல்லை. முதல் படமே பிழையெண்டால், அந்தப் பிழையைத்தான் அது காவல் காக்கும். அதனால முதல் படத்தை ஃபிக்மாவோட பக்கத்தில வச்சு ஒரு மனுசர் பார்க்கத்தான் வேணும். பிரெஞ்சுப் படம் மட்டும் சேமிச்சிருந்தால், தமிழ் உடைஞ்சாலும் டெஸ்ட் பச்சைதான் காட்டும்.

எழுத்தைப் பெரிசாக்கினால் எந்தத் திரையும் டிசைனோட பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தாது. பட்டன் வளரவேணும், இல்லாட்டி எழுத்து அடுத்த வரிக்கு இறங்கவேணும். எது எண்டதை டிசைனிலேயே வரைஞ்சு வைக்கவேணும். இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி.யும், எழுத்து 200% பெரிசானாலும் உள்ளடக்கம் தொலையக் கூடாது எண்டுதான் சொல்லுது.

நீங்கள் ஆப் செய்யிற ஆள் எண்டால் ஒவ்வொரு திரைக்கும் மூண்டு படம் சேமியுங்கோ: பிரெஞ்சு, தமிழ், பெரிய எழுத்தில தமிழ். மூண்டாவதுதான் அம்மாட போன்.

அடுத்த எபிசோட்டில சந்திப்பம்!