வாயில்லா நோயாளிகள்: நாய்க்கும் பூனைக்கும் சத்திரசிகிச்சை

"மனிசருக்கே மருந்து வாங்கக் காசில்லாத காலத்திலை நாய்க்கு ஒப்பரேசனோ?"

ஆச்சி இவ்வாறு கேட்டபோது வீட்டில் ஒருவரும் மறுமொழி கூறவில்லை. முற்றத்து மாமர நிழலில் ராணி சுருண்டு கிடந்தது. எட்டு ஆண்டுகளாக எங்கள் படலையைக் காத்து வந்த நாய் அது. நான்கு நாட்களாக உணவைத் தொடவில்லை; கிணற்றடித் தொட்டியிலிருந்த நீரை மட்டும் ஓயாது குடித்தது. வயிறு சற்றுப் பருத்திருந்தது. "குட்டி தங்கியிருக்கும்" என்றார் ஆச்சி. "வயசு போன நாய்தானே, விதிப்படி விடுங்கோ" என்றார் அயல்வீட்டார். தங்கையின் மகளோ என் கையைப் பற்றிக்கொண்டு, "மாமா, ராணி சாகப்போகுதோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் எங்களை மிருக வைத்தியரிடம் இட்டுச் சென்றது.

வைத்தியர் முதலில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். நலமாயிருக்கும் நாயின் உடல்வெப்பம் ஏறக்குறைய 38 பாகை முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும். ராணியின் வெப்பம் அதனைத் தாண்டியிருந்தது. அது கடைசியாக எப்போது பருவங் கண்டது என்று கேட்டார். "ஆறு கிழமை இருக்கும்" என்றோம். வயிற்றை ஸ்கான் செய்து பார்த்தபின் அவர் முகம் மாறியது.

"இது குட்டியில்லை. கருப்பை முழுவதும் சீழ். இன்றைக்கே அதனை எடுத்துவிட வேண்டும். பிழைக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எடுக்காவிட்டால் பிழைக்காது என்று மட்டும் சொல்வேன்."

மறைந்து வளரும் நோய்

குட்டி ஈனும் தன்மை நீக்கப்படாத பெண் நாய்களிடம், குறிப்பாக நடுவயதைக் கடந்தவற்றிடம், இந்நோய் அடிக்கடி காணப்படுகின்றது. பூனைகளுக்கும் இது வருவதுண்டு. ஒவ்வொரு பருவத்தின் பின்னரும், கரு தங்கினாலும் தங்காவிட்டாலும், நாயின் சூலகம் சுரக்கும் ஓமோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கின்றது. பருவந்தோறும் இவ்வாறு நிகழ்வதனால், ஆண்டுகள் செல்லச் செல்லக் கருப்பை கிருமிகள் குடியேறுதற்கேற்ற இடமாகிவிடுகின்றது. பருவங் கழிந்து சில கிழமைகளில் சீழ் கட்டுகின்றது. கருப்பையின் வாய் திறந்திருப்பின் சீழ் வெளியே வடியும், வீட்டார் கண்டுகொள்வர். வாய் மூடியிருப்பின் வெளியே யாதொரு குறியும் தெரியாது. கிருமிகளின் நஞ்சு இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். ராணியின் தணியாத தாகத்துக்குக் காரணம் இதுவே. அத்தாகத்தை வெயிலின் கொடுமை என்றெண்ணி நாங்கள் நான்கு நாட்களை வீணாக்கிவிட்டோம்.

"அதுக்கு நோகாதோ?"

சிறுமி வைத்தியரிடம் கேட்ட கேள்வி இது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னராயின், "நோகும்" என்பதே விடையாக இருந்திருக்கும். 1846 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வில்லியம் மோட்டன் என்பவர் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டில் ஸ்கொத்லாந்து வைத்தியர் சிம்சன் குளோரபோமைப் பயன்படுத்தினார். 1867 இல் ஜோசப் லிஸ்ரர் காபோலிக்கமிலத்தாற் கிருமிகளை ஒழிக்கும் முறையை வெளியிட்டார். மனிதனுக்கெனக் கண்ட இவ்விரு பேறுகளும் காலப்போக்கில் விலங்குகளுக்கும் கிட்டின. நம்மூரிற் காளைகளை மயக்க மருந்தின்றி நலமடித்த வழக்கத்தை நினைவுகூரும் முதியோர், இம்மாற்றத்தின் பெருமையை எளிதில் உணர்வர்.

முதலில் ராணியின் முன்னங்காலில் ஒரு சிறு பகுதி மயிரை மழித்து, நாளத்திற் குழாய் செலுத்தி, சேலைனும் கிருமிகொல்லி மருந்தும் ஏற்றினார்கள். தளர்ந்த உடலைத் தேற்றாது கத்தியை எடுத்தல் ஆகாது. அதன் பின்னரே மயக்க மருந்து. நாய் உறங்கியதும் மூச்சுக்குழலினுள் ஒரு குழாய் இறக்கி, ஒட்சிசனுடன் மயக்கவாயுவைக் கலந்து செலுத்தினர். மயக்கத்தில் நாயின் கண்கள் திறந்தவாறே இருக்குமாதலால், அவை உலராதிருக்க மருந்துக்களிம்பு இட்டனர். நாவின் நிறம், நாடி, மூச்சு ஆகியவற்றைக் கவனிப்பதற்கென்றே ஒருவர் தலைமாட்டில் நின்றார்.

நாயின் கருப்பை இரு கிளைகளாகப் பிரிந்தது. இரு சூலகங்களுக்கும் செல்லும் இரத்தக் குழாய்களை இறுகக் கட்டியபின், சூலகங்களையும் கருப்பையையும் ஒருங்கே அகற்றுவர். அக்கட்டு நழுவினால் உள்ளே இரத்தம் பெருகும். சீழ் நிறைந்த பை கிழிந்தால் வயிறு முழுவதும் நஞ்சாகும். வயிற்றை மூடுமுன், உள்ளே வைத்த துணிகள் எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்ப்பர். உட்தையலுக்குத் தானே கரையும் நூல். வெளித்தோலுக்கு வேறு நூல்.

நாங்கள் வெளியே வாங்கில் அமர்ந்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. வைத்தியர் கதவைத் திறந்து, "மூச்சு நன்றாக இருக்கிறது. இன்றிரவு கழியட்டும்" என்றார்.

வீட்டார் கடமை

சத்திரசிகிச்சையின் வெற்றியிற் பாதி வீட்டாரின் கையிலுள்ளது. முற்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சிகிச்சையாயின், வைத்தியர் சொல்லும் மணி நேரத்துக்கு முன்பே உணவை நிறுத்த வேண்டும். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது சுவாசப்பையினுட் புகுந்து உயிரைக் குடிக்கும். எனினும் குட்டிகளை நெடுநேரம் பட்டினி போடலாகாது.

வீடு திரும்பியபின் வெதுவெதுப்பான, காற்றடிக்காத இடத்திற் படுக்கவிடுதல் வேண்டும். புண்ணை நக்கினால் தையல் அறும். ஆதலின் கழுத்தில் அகன்ற கூம்புப் பட்டியை அணிவிப்பர். விலங்கு வருந்துகிறதே என்றிரங்கி அதைக் கழற்றிவிடுதல் இரக்கமன்று. தையல் வெட்டும் வரை, அதாவது பத்து முதல் பதினான்கு நாட்கள் வரை, குளிப்பாட்டுதலும் ஓடவிடுதலும் கூடா. புண்ணில் எண்ணெயோ சாம்பலோ பூசற்க. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டு மாத்திரைகளைக் கொடுத்தலாகாது. நமது தலைவலிக்கு உதவும் பரசிற்றமோல் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரேயொரு மாத்திரையும் அதன் உயிரைப் பறிக்கக்கூடும்.

வருமுன் காத்தல்

ராணியின் துன்பம் முழுவதும் தவிர்த்திருக்கக்கூடியது. இளமையிலேயே சூலகத்தையும் கருப்பையையும் அகற்றியிருந்தால் இந்நோய்க்கு இடமே இருந்திராது; முலைக்கட்டிகள் தோன்றும் வாய்ப்பும் குறைந்திருக்கும். "ஒருமுறையாவது குட்டி போட்டபின் செய்தல் நன்று" என்னும் நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஏற்ற வயது எதுவென்பதை நாயின் இனத்தையும் உடலையும் கண்டு வைத்தியரே கூறுவார்.

இதில் ஊர் நலமும் அடங்கியுள்ளது. நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாட்களே. சந்தையடியிலும் கோயில் வீதியிலும் கொண்டுபோய் விடப்படும் குட்டிகளில் எத்தனை பிழைக்கின்றன? தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை இலங்கை அரசு 2006 ஆம் ஆண்டிற் கைவிட்டது. ஆகவே தடுப்பூசியும் கருத்தடைச் சிகிச்சையுமே நமக்குரிய வழிகள். விசர்நாய்க்கடி நோயைத் தடுக்க, ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காயினும் தடுப்பூசி ஏற்றப்பட வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

மாணவருக்கு ஒரு சொல். 1761 இல் பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்சலா முதலாவது மிருக வைத்தியக் கல்லூரியை நிறுவியபோது, குதிரைகளும் கால்நடைகளுமே பெரிதும் கருதப்பட்டன. இன்று நாயும் பூனையும் அத்துறையின் முக்கிய நோயாளிகள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனிப்பீடமும் போதனா வைத்தியசாலையும் உள்ளன. தன் நோயைச் சொல்லத் தெரியாத உயிரின் நோயை அறிந்து தீர்ப்பது எளிய கல்வியன்று. உயிரியலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் ராணி வீடு வந்தது. சிகிச்சைக்குச் சென்ற பணம், அவ்வாண்டு வேலியடைப்பதற்கென ஆச்சி முடிந்து வைத்திருந்த பணம். அதனை எடுத்துத் தந்தவரும் ஆச்சியே. "வேலி இல்லாட்டிலும் இது காக்கும், இது இல்லாட்டில் வேலி என்னத்துக்கு?" என்று சொல்லிக்கொண்டே, தம் பழைய சேலையொன்றை நான்காய் மடித்துத் திண்ணையில் விரித்தார். கழுத்திற் கூம்புடன் நாய் தள்ளாடி வந்து அதிற் படுத்தது.