எண்ணிம ரேஞ்ச்ஃபைண்டர் ஒளிப்படக்கருவி

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது, காட்சிச் சாளரத்தில் தெரியும் இரட்டைப் பிம்பங்களை ஒன்றுசேர்த்துக் குவியப்படுத்தும் ஒளிப்படக்கருவியாகும். இதில் எதிரொளிக்கும் ஆடி இல்லாததால், அகலக்கோண வில்லையின் பின்பகுதி படச்சுருளுக்கு மிக அருகில் அமைகிறது. எண்ணிம முறைக்கு மாற இதுவே தடையாக இருந்தது. ஓரங்களில் சாய்வாக விழும் ஒளியைப் படச்சுருள் ஏற்கும். உணரி அவ்வளவாக ஏற்காததால் படத்தின் ஓரங்கள் இருளும்.

இவ்வகையின் முதல் எண்ணிமக் கருவியான ஆர்-டி1ஐ, எப்சன் நிறுவனம் கொசினாவுடன் இணைந்து 2004இல் வெளியிட்டது. லைக்காவின் எம்8 (2006), ஓரத்து நுண்வில்லைகளை இடம்பெயர்த்து இச்சிக்கலைக் குறைத்தது. ஆயினும் இரண்டின் உணரிகளும் படச்சுருள் சட்டகத்தைவிடச் சிறியவை. முழுச் சட்டக உணரி கொண்ட எம்9 (2009) வந்த பிறகே, 1954 முதல் வெளியான எம் வில்லைகள் தம் முழுப் பார்வைக்கோணத்தை எண்ணிமத்திலும் பெற்றன.

எண்ணிமத்துக்கு மாறுவது படச்சுருளைக் கைவிடுவதாகாது. லைக்கா 2022இல் எம்6 படச்சுருள் கருவியை மீண்டும் வெளியிட்டது.