எச்.பி.வி. பாசிட்டிவ்: பயம் வேண்டாம், மறுபரிசோதனையைத் தவறவிட வேண்டாம்

கருப்பை வாய்ப் பரிசோதனையில் ‘எச்.பி.வி. பாசிட்டிவ்’ என்று வந்தால் பல பெண்கள் இடிந்துபோகிறார்கள். சிலர் பயத்தில் மருத்துவமனைப் பக்கம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். இந்த முடிவுக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஆனால், தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

தானாக மறையும் தொற்று

பாலுறவு மூலம் பரவும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் (எச்.பி.வி.) மிகச் சாதாரணமானது. பத்தில் ஒன்பது தொற்றுகளை நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகிறது. அடங்காமல் தங்கிவிடும் தொற்றுதான் ஆபத்து. குறிப்பாக 16, 18 ஆகிய இரு வகைகளே கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம்.

நீண்டகால ஆய்வுகள் சொல்வது

கோஸ்டாரிகாவின் குவானகாஸ்டே மாகாணத்தில் 1993-94இல் சுமார் 10,000 பெண்களைச் சேர்த்து, பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். பெண்ணின் வயதைவிட, தொற்று எத்தனை காலம் தங்குகிறது என்பதே முக்கியம் என்று அதில் தெரிந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1999இல் தொடங்கிய ஆய்வில், ஒரே ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்துகொண்ட குழுவில் இந்தப் புற்றுநோயால் நேரும் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

எப்போது மீண்டும் பார்க்க வேண்டும்?

தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இது:

- 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை.
- பாசிட்டிவ் என்று வந்து, அடுத்தகட்டச் சோதனையில் கோளாறு இல்லையென்றால் 24 மாதங்களில் மறுபரிசோதனை.
- புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 12 மாதங்களில்.
- எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

உறவுக்குப் பின்போ மாதவிடாய் நின்ற பின்போ ரத்தப்போக்கு இருந்தால், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால், குறித்த தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சந்தேகம் வேண்டாம்

இந்த வைரஸ் வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் உடலில் இருக்கக்கூடும். ஆகவே, இன்று பாசிட்டிவ் என்று வருவதை வைத்துக் கணவனோ மனைவியோ ஒருவரையொருவர் சந்தேகிப்பது அநியாயம்.

தடுப்பூசி போட்டவர்களும் தவறவிடக் கூடாது

தடுப்பூசி புதிய தொற்றைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ள தொற்றைப் போக்காது. ஆபத்தான எல்லா வகைகளையும் அது தடுப்பதும் இல்லை. தடுப்பூசி போட்டிருந்தாலும் பரிசோதனை அவசியம். அறிக்கையைப் பத்திரமாக வைத்து, அடுத்த பரிசோதனைத் தேதியை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆரம்ப மாற்றத்திலேயே கண்டுபிடித்தால், புற்றுநோய் வராமலேயே தடுத்துவிட முடியும்.