முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். உங்கள் தெருவுக்குத் திரும்பி வந்திருக்கிற பட்டாளத்துக்காரர் யாரோடும் பேசுவதில்லை, சட்டென்று கோபப்படுகிறார் என்றீர்கள். அவருக்கு நாம் என்ன செய்யலாம் என்பதுதானே உங்கள் கேள்வி?

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை என்றொரு ஊர். வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பெயர். அங்கே ஒருவர் ஓய்வுபெற்று வந்தால், அவர் பட்டது என்னவென்று தெரிந்தவர்கள் பக்கத்துத் திண்ணையிலேயே இருப்பார்கள். உங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். இருபது வயதுக்குள் சேர்ந்தவர், பதினைந்து இருபது வருஷ சர்வீஸ் முடித்து நாற்பதை ஒட்டிய வயதில் வந்து நிற்கிறார். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடத்தில். கூடவே உண்டு உறங்கிய கூட்டம் ஒரே நாளில் இல்லாமல் போகிறது. எல்லையில் ஒரு குண்டுச் சத்தமும் கேட்காமல் திரும்பியவரைக்கூட இந்தத் தனிமை வாட்டும்.

சிலருக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு. கண்ணிவெடியில் கூட்டாளியைப் பறிகொடுத்தவர், பனிச்சரிவில் உடல்களைத் தோண்டி எடுத்தவர் ஆகியோரின் மூளை, ஆபத்து முடிந்த பிறகும் காவலை விடுவதில்லை. கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் பதற்றம், வெடுக்கென்ற கோபம், கூட்டத்தைத் தவிர்ப்பது எல்லாம் அதனால் வருபவை. சம்பவம் நடந்து வருஷங்கள் கழித்துக்கூட இது தலைகாட்டலாம். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தனி நோயாகத் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். கோழைத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேச்சுவழிச் சிகிச்சையும் மாத்திரையும் பலருக்கு நன்றாகவே கைகொடுக்கின்றன. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை விட்டுவிடாமல் சாப்பிட வைப்பதுதான் வீட்டாரின் பெரிய வேலை.

‘மனசு சரியில்லையா?’ என்று கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார். ‘ராத்திரி தூக்கம் வருதாண்ணே?’ என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்தைப் பற்றிப் பேச யாரும் கூச்சப்படுவதில்லை. அங்கிருந்து மற்றதெல்லாம் மெல்ல வரும். அவருக்கு நாம் கொடுக்கிற வேலையையும் இங்கே யோசிக்க வேண்டும். ஏடிஎம் வாசலிலும் அப்பார்ட்மென்ட் கேட்டிலும் இரவுக் காவலுக்கு உட்காரவைக்கிறோம். ஏற்கெனவே தூங்க முடியாதவருக்கு அது கொடுமை. பகல் ஷிப்ட் வாங்கித் தர முடிந்தால் அது பெரிய உதவி.

அடுத்தது ராணுவக் கேன்டீனில் வாங்கும் சரக்கு. குடித்தால் தூக்கம் வருவதுபோல் இருக்கும், நடுராத்திரியில் கலைந்துவிடும். அதற்காக, தினமும் நிறையக் குடிப்பவரை இன்றோடு நிறுத்தச் சொல்லி மிரட்டாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தக்குழப்பமும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

தீபாவளிக்கு அவர் வீட்டு வாசலில் வெடிக்காதீர்கள், அல்லது எப்போது வெடிக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்த சத்தம் அவ்வளவாகத் தாக்காது.

சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலோ, எல்லாரிடமும் விடைபெறுவதுபோல் நடந்துகொண்டாலோ, ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. லைசென்ஸ் துப்பாக்கியும் பூச்சிமருந்தும் அவர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். அவரைத் தனியே விடாமல் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பென்ஷன் வாங்குபவர் என்றால் 2003இல் தொடங்கிய ஈசிஹெச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. மனநலச் சிகிச்சைக்கும் அதன் பாலிகிளினிக்கில் காட்டி, அங்கிருந்து மருத்துவமனைக்குப் போகலாம். மனைவிக்கும் அந்தத் திட்டம் உண்டு. வருஷக்கணக்காக எல்லாவற்றையும் தாங்குகிற அந்த அம்மாவையும் யாராவது விசாரிக்க வேண்டும். எந்தத் திட்டத்திலும் இல்லாதவருக்கு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவித்தொகை, வேலை பற்றி விசாரிக்கலாம்.

நள்ளிரவில் யாரும் கிடைக்கவில்லையென்றால் 14416, அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அவர் மனைவியின் போனில் இன்றைக்கே அந்த எண்ணைப் பதிந்து கொடுத்துவிடுங்கள்.