வானொலியில் வந்த கணினி நிரல்

கணினி நிரல் வானொலி வழியாக வீடு தேடி வந்த காலம் ஒன்று உண்டு. 1980-களில் நெதர்லாந்தில் நடந்தது இது. அன்றைய வீட்டுக் கணினிகள் பலவற்றுக்கும் திரை, கூடத்துத் தொலைக்காட்சிதான். நிரலைச் சேமிக்க, பாட்டுக் கேட்கும் அதே கேசட். நிரல் அதில் ஒலியாகவே பதிவாகும்.

ஒலிதானே, ஒலிபரப்பினால் என்ன என்று துணிந்தது அந்நாட்டின் என்.ஓ.எஸ். வானொலியின் 'ஹாபிஸ்கூப்' நிகழ்ச்சி. கீச்சென்று ஓர் இரைச்சல் வரும். நேயர்கள் அதை டேப் ரெக்கார்டரில் பிடித்துக் கணினியில் ஏற்றுவார்கள். ஆனால் ஒவ்வொரு கம்பெனியின் கணினியும் 'பேசிக்' என்ற நிரல் மொழியை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டது. அதற்காகவே எல்லாவற்றுக்கும் பொதுவாக 'பேசிகோட்' என்ற முறை பிறந்தது. கணினி அறிந்த பூஜ்யமும் ஒன்றும் அதில் ஒலியாக மாறின. 1200 ஹெர்ட்ஸில் ஓர் அலை வந்தால் பூஜ்யம். 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலை வந்தால் ஒன்று. எவ்வளவு எளிமை, எவ்வளவு அழகு! சில கணினிகளுக்கு இதற்கென ஒரு சிறு மின்சுற்று தேவைப்பட்டது. ஆர்வலர்கள் அதையும் தாங்களே பற்றவைத்துச் செய்துகொண்டார்கள்.

பின்னாளில் கிழக்கு ஜெர்மனி வானொலியும் இதே முறையில் நிரல்களை ஒலிபரப்பியது.