மூடு, திருப்பு, திற

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது என் மனைவி. வடக்கு ஸ்காட்லாந்தின் ஒற்றைத்தடச் சாலையில் எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தால், ஆறு மீட்டர் நீள மோட்டார்ஹோமை அலட்டிக்கொள்ளாமல் பின்னால் எடுத்து, ஒதுங்குமிடத்தில் செருகிவிட்டு, அந்த டிரைவருக்குக் கையும் காட்டுவாள். எனக்கு அந்த நெஞ்சுரம் கிடையாது. ஆகவே சமையல் என் இலாகா. தூத்துக்குடியில் மீன் தின்று வளர்ந்து, பர்மிங்ஹாமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சாப்பாட்டு விஷயத்தில் எங்கே போனாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது மட்டுமே என் தகுதி.

மோட்டார்ஹோம் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் கேரவன் நினைவுக்கு வரலாம். இங்கே ஓய்வு பெற்றவர்கள் ஓட்டிக்கொண்டு திரிவது அவ்வளவு சொகுசான சமாச்சாரம் இல்லை. ஒரு பெரிய வேனுக்குள் படுக்கை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, அடுப்படி எல்லாவற்றையும் திணித்திருப்பார்கள். அடுப்படியில் இரண்டு அல்லது மூன்று பர்னர், ஒரு குட்டி சிங்க், காய் நறுக்க ஒரு முழம் இடம். அடுப்பிலிருந்து ஓர் எட்டு வைத்தால் சோபா. ராத்திரியில் அந்தச் சோபாதான் கட்டில். வெங்காயம் தாளித்த வாசனையோடு யாரும் தூங்கிவிடலாம். தலையணையில் மீன் எண்ணெய் தெறித்திருந்தால் அடுத்த மூன்று ராத்திரிக்குப் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் எனக்குக் கைகொடுப்பது இரட்டைச் சட்டி. ஆழமாக ஒன்று, தட்டையாக ஒன்று, இரண்டு வறுவல் சட்டிகள். ஓரத்தில் கீல். ஒன்றன்மேல் ஒன்றைக் கவிழ்த்தால் கைப்பிடிகள் இரண்டும் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படியே தூக்கிப் புரட்டினால் அடிச்சட்டி மேலே, மேல்சட்டி அடியில். கீலைக் கழற்றினால் இரண்டு தனிச் சட்டிகள். நம் வீடுகளில் கேஸ் அடுப்பில் வைத்துப் புரட்டும் நீளக் கைப்பிடி பிரெட் டோஸ்டர் இருந்ததே, அதற்கு இது பெரியண்ணன்.

இந்த வம்சம் பல ஊர்களில் பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பாண்டையைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்மிதர்ஸ் என்ற மருத்துவர் 1949இல் காப்புரிமை வாங்கிய ‘ஜாஃபிள்’ இரும்பு, முகாமுக்குப் போகிறவர்கள் அங்கே இன்றும் கட்டாயம் எடுத்துவைக்கும் சாமான். கொரியாவில் அடுக்குமாடி வீட்டுக்குள் மீன் வாசனை பரவாமல் பொரிக்க இரட்டைச் சட்டி வந்தது. தொலைக்காட்சி விற்பனையில் அது பெரிய பேர் வாங்கியது. அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தில் 1896இல் தொடங்கிய லாட்ஜ் வார்ப்பாலை, ஆழச்சட்டிக்குத் தட்டைச்சட்டியே மூடியாக வரும் வார்ப்பிரும்பு ஜோடி ஒன்றைச் செய்கிறது. பிரிட்டனில் இரட்டைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள் கெண்டை மீன் பிடிக்கிறவர்கள். குளக்கரையில் கூடாரம் போட்டு விடிய விடியத் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் அது. பசித்தால் குட்டி கேஸ் அடுப்பில் இதை வைத்து பிரெட்டும் முட்டையும் போட்டுக்கொள்வார்கள். அவர்களிடமிருந்துதான் மோட்டார்ஹோம்காரர்களுக்கு வந்தது என்று பக்கத்து வண்டி யார்க்‌ஷயர்க்காரர் சொன்னார். அவரும் தூண்டில்காரர்தான். பெருமை தன் பக்கமே இருக்கட்டும் என்று பேசியிருக்கவும் கூடும்.

வார்ப்பிரும்பா, அலுமினியமா என்று கேட்டால், வீட்டில் வார்ப்பிரும்பு, வண்டியில் அலுமினியம் என்பேன். வார்ப்பிரும்பு ஜோடி 6 கிலோவை நெருங்கும். அதைக் கையில் பிடித்துப் புரட்ட பயில்வான் வேண்டும். இன்னொரு காரணம் சட்டம். 1997 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் கார் ஓட்டும் உரிமம் வாங்கியவர்கள் அந்த உரிமத்தில் 3,500 கிலோ வரையுள்ள பெட்ரோல், டீசல் வண்டியைத்தான் ஓட்டலாம் என்பது விதி. ஆட்கள், தண்ணீர், சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் எடை பார்த்துப் பார்த்துத்தான் சாமான் ஏற்றுவார்கள். அலுமினியம் லேசு, சூடும் வார்ப்பிரும்பைவிடச் சீக்கிரமாகவும் ஒரே சீராகவும் பரவும். நான்-ஸ்டிக் பூச்சைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: 260 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் அது சிதைய ஆரம்பிக்கும். வெறும் சட்டியைப் பெருந்தீயில் விட்டுவிட்டுப் போன் பேசப் போகக்கூடாது.

இனி சமையல். இரட்டைச் சட்டி வாங்கியவர்கள் பலர் டோஸ்ட் போட்டே சலித்துப்போய், அலமாரியில் தூக்கி வைத்துவிடுகிறார்கள். குறிப்புகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். மூடியிருக்கும்வரை உள்ளே ஆவி, பொருள் வேகும். திறந்தால் ஆவி போகும், பொருள் முறுகும். எவ்வளவு நேரம் மூடுவது, எத்தனை தடவை திருப்புவது, எப்போது திறப்பது என்பதை மாற்றினால் அதே உருளைக்கிழங்கு ஒரு நாள் பொடிமாஸ், ஒரு நாள் வறுவல், ஒரு நாள் வெறும் அவியல்.

மீனை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உல்லாப்பூல் என்று ஒரு துறைமுக ஊர். கோடையில் அந்தக் கரை நெடுக மாக்கரெல் கிடைக்கும். நம்மூர் கானாங்கெளுத்திக்கும் இதற்கும் ஒரே குடும்பம். முதுகில் நீலப் பச்சை வரி மட்டும் தூக்கலாக இருக்கும். இரண்டு பக்கமும் சாய்வாகக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, சீரகம், பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு அரைத்த விழுதைக் கீறலுக்குள் போகும்படி தடவி அரை மணி நேரம் வைப்பேன். சட்டியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். இது கொழுப்பு மீன். தோலுக்கு அடியிலிருந்து தானே எண்ணெய் விடும். மிதமான தீயில் மீனை வைத்து மூடி, நாலு நிமிஷம் திறக்கவே மாட்டேன். சடசடவென்ற சத்தம் உள்ளேயே அடங்கிக் கிடக்கும். பிறகு தீயை அணைத்துவிட்டுத் திருப்ப வேண்டும். கீல் பக்கமாக எண்ணெய் சொட்டினால் தீ குப்பென்று ஏறிவிடும். திருப்பி, பற்றவைத்து, இன்னும் நாலு நிமிஷம். அதன் பிறகுதான் திறப்பது. மூடியை நம் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்கினால் ஆவி கூரைச் சாளரத்தைப் பார்க்கப் போய்விடும். கடைசி இரண்டு நிமிஷம் திறந்தபடி விட்டால் மசாலா ஓரங்களில் கருத்து மொறுமொறுவென்று ஆகும். கரண்டி போட்டுப் புரட்டாததால் தோல் கிழியாது, தலை கழன்று வராது. தூத்துக்குடி வறுவல் அளவுக்கு இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. எண்ணெயில் முங்கி எழுந்த மீன் வேறு ரகம். ஆனால் ‘என்னங்க, ஜன்னலை மூடிக்கலாமா’ என்று பத்தே நிமிஷத்தில் மனைவி கேட்கிற அளவுக்கு வாசனை கட்டுக்குள் இருக்கும்.

அடைக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் நான் பார்த்ததில்லை. மிக்ஸி ஓட்ட வண்டி பேட்டரி தாங்காது; அதனால் மாவை வீட்டிலேயே அரைத்து ஐஸ்கிரீம் டப்பாவில் நிரப்பி எடுத்துவருவோம். அடை மாவு புளிக்காவிட்டாலும் பரவாயில்லை என்பது குளிர்தேசத்தில் பெரிய வரம். ஆழச்சட்டியில் ஊற்றி, நடுவில் குழி போட்டு, எண்ணெய் விட்டு மூட வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதலிலேயே வெறும் சட்டியை மூடி ஒரு தடவை திருப்பி, மேல்சட்டிக்கும் முக்கால் நிமிஷம் சூடு காட்டிவிட வேண்டும். சூடேறாத சட்டியில் போய் விழும் அடை வெளுத்து, ஒட்டிக்கொள்ளும். சூடான சட்டியில் விழுந்தால் சொய்ங் என்று சத்தம் கேட்கும்; அந்தப் பக்கமும் சிவந்துவிடும். மாவு தீர்ந்தபின் ரவையும் தயிரும் கலந்து ஊத்தப்பம். அதுவும் அலுத்தால் கோதுமை மாவு, வெங்காயம், பச்சை மிளகாய்.

உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உப்பு மஞ்சளோடு ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து மூடுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பினால் கிளற வேண்டிய வேலையே இல்லை. வெந்ததும் திறந்து, மிளகாய்த்தூள் தூவி முறுகவிட வேண்டியதுதான். இன்னொரு பர்னரில் குட்டி குக்கரில் சோறு. ரசம் வைத்துவிட்டால் ராஜபோகம்.

உள்ளூர்ச் சரக்கையும் ஒதுக்குவதில்லை. ஸ்காட்லாந்தில் ‘டாட்டி ஸ்கோன்’ என்று உருளைக்கிழங்கு மாவில் மெல்லிய ரொட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கும். அதில் நெய் தடவி, இட்லிப் பொடி தூவி, மூடி ஒரு நிமிஷம், திருப்பி ஒரு நிமிஷம். காலைப் பலகாரம் முடிந்தது. இந்த நாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தட்டைக்கல்லில் சுட்ட ‘பானக்’ ரொட்டியும் இதில் அழகாக வரும். சோடா உப்பு கலந்த மாவு, தயிர், என் பங்குக்குக் கொஞ்சம் ஓமம். சட்டியில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. உப்புவதற்கு இடம் வேண்டும். மிகச் சிறு தீயில் வைத்து, மேல்பக்கம் இறுகும்வரை திருப்பாமல் பொறுமை காத்தால் நடு வரைக்கும் வெந்துவிடும். கேக்குக்கும் இதே முறைதான். கேக் நன்றாகவே வரும், மேலே பேக்கரிப் பளபளப்பு மட்டும் வராது.

ஆகாதவையும் உண்டு. குழம்பு, சாம்பார், தளதளவென்று இருக்கும் எதையும் வைத்துத் திருப்ப நினைக்க வேண்டாம்; அடுப்பெல்லாம் ஓடும். வேண்டுமானால் கீலைக் கழற்றி ஆழச்சட்டியில் தனியாகக் கொதிக்கவிடலாம். அலுமினியச் சட்டி இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. அடியில் எஃகுத் தகடு பதித்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். முகாம் திடல்களில் வண்டிக்குக் கொடுக்கும் மின் இணைப்பு பிரிட்டனில் பெரும்பாலும் 10 அல்லது 16 ஆம்பியர். 10 என்றால் 2,300 வாட்தான். இண்டக்‌ஷன் அடுப்பும் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் கரண்ட் போய்விடும்.

வண்டிக்குள் சமைக்கிறவர்கள் வாசனைக்கு அடுத்தபடியாக அஞ்ச வேண்டியது ஈரத்துக்கு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் கிட்டத்தட்ட 1.6 கிலோ நீராவி வெளியே வரும். அது வேதியியல், யாரும் தப்ப முடியாது. அதோடு சோற்றுக் கஞ்சி ஆவியும், இரண்டு பேர் மூச்சும் சேர்ந்தால் காலையில் ஜன்னலெல்லாம் சொட்டும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். மூடிச் சமைப்பதால் ஆவியும் குறைவு, சீக்கிரம் வேகுவதால் கேஸும் குறைவு. இருந்தாலும் கூரைச் சாளரத்தைத் திறந்தே வைக்க வேண்டும். தரையில் சிறு துளைகள் இருக்கும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும், அது வெளியேறத்தான் அந்தத் துளை. குளிருக்குப் பயந்து அதில் துணியைத் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் வண்டியைச் சூடாக்க அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்குவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான அலாரம் இல்லாத வண்டியில் நான் படுக்க மாட்டேன்.

குளிர்காலத்தில் கிளம்புகிறவர்கள் சிலிண்டரையும் கவனிக்க வேண்டும். பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ய டிகிரியில் ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கும், அடுப்பு எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். டர்னஸ் மாதிரி வடகோடி ஊரில், கடலைப் பார்த்த மேட்டில், பாதி எரிந்த அடுப்போடு விழிப்பதைவிடக் கிளம்பும்போதே புரொப்பேன் ஏற்றிக்கொள்வது நல்லது. அங்கே வீசுகிற காற்றில் வெளியே அடுப்பு வைப்பதென்பது நடக்காத காரியம்.

கழுவும் வேலை சுலபம். சூடு ஆறுவதற்குள் பேப்பர் டவலால் எண்ணெயைத் துடைத்துக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, ஒரு குவளை வெந்நீரில் அலசினால் போதும். வண்டியில் தண்ணீர் தொட்டியளவுதான்; அழுக்குத் தண்ணீரும் இன்னொரு தொட்டியில் சேர்ந்து நம்மோடேதான் வரும். அதில் எண்ணெய் போனால் நாலாம் நாள் நாறும்.

வாங்கும்போது கீல் கழல்கிறதா, மூடிய சட்டியின் ஓரம் ஒட்டி உட்காருகிறதா, கைப்பிடியின் கனத்தில் சட்டி சாய்ந்துவிடாமல் சின்ன பர்னரில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது கலகலவென்று ஆடாத இடமும் அதற்கு வேண்டும். சத்தம் கேட்டால் என் மனைவி அடுத்து வண்டி நிறுத்த முடிகிற இடத்தில் நிறுத்தி, இறங்கி வந்து தேட ஆரம்பித்துவிடுவாள். எங்கள் வண்டியில் கேஸ் அவன் ஒன்று உண்டு. விற்றவர் அதைத்தான் முதலில் திறந்து காட்டினார். சூடேறவே அரை மணி நேரம் எடுக்கும், அதுவும் ஒரு மூலை கருகி ஒரு மூலை பச்சையாக இருக்கும். இப்போது இரட்டைச் சட்டியைத் துண்டில் சுற்றி அதற்குள்தான் வைக்கிறோம். அளவு கச்சிதமாக இருக்கிறது.